மருத்துவமனை வாசலோடு நின்றுவிடும் காப்பீடு

குடும்பத்தில் ஒருவர்க்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமென்று மருத்துவர் சொன்னவுடன் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பது. அடுத்த கேள்வி, "இன்சூரன்சில் கிடைக்குமா?" என்பது. இவ்விரண்டுக்கும் மறுமொழி கிடைத்துவிட்டால் மனம் ஒருவாறு அமைதியடைகிறது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. "வீட்டுக்கு வந்தபின் எத்தனை நாள் பயிற்சி வேண்டியிருக்கும்? அதற்கு ஆகும் பணத்தை யார் கொடுப்பது?" என்பதே அது. நம்மில் பெரும்பாலோர் அதனைக் கேட்பதில்லை. கேளாமற் போனதன் விலையைப் பிறகு மாதக்கணக்கில் கொடுக்க நேரிடுகிறது.

இப்பகுதிக்கு வரும் மடல்களில் இக்குறை பல வடிவங்களில் வந்தவண்ணம் இருக்கிறது. தாயாருக்கு மூட்டு மாற்று அறுவை நன்றாக நடந்தது; இலட்சக்கணக்கான செலவைக் காப்பீட்டு நிறுவனம் நேரே மருத்துவமனைக்குச் செலுத்திவிட்டது; ஆனால் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவருக்குப் பத்து நாள் பணம் கொடுத்ததும் கை வறண்டு, "இனிப் போதும், நீங்களே மெல்ல நடந்துகொள்ளுங்கள்" என்று நிறுத்திவிட்டார்கள்; இன்று அந்த முழங்கால் மடங்கவில்லை. இப்படியோர் இல்லம் நமக்குத் தெரிந்த ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். பெருஞ்செலவு செய்து கிணறு வெட்டி, கயிறு வாங்கப் பணமில்லாமல் நிற்பது போன்றது இந்நிலை.

பிசியோதெரபி என்று நாம் வழக்கில் சொல்லும் இயன்முறை மருத்துவத்தை இன்னும் பலர், "கால் பிடித்துவிடுவது" என்ற அளவிலேயே எண்ணியிருக்கின்றனர். எண்ணெய் தேய்த்து நீவுவதற்கு நம் ஊர்களில் நெடிய வரலாறு உண்டு. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், நீவும்போது வேலை செய்வது நீவுகிறவருடைய கை. இயன்முறை மருத்துவத்திலோ வேலை செய்ய வேண்டியது நோயாளியின் தசை. எலும்பை ஒட்ட வைப்பவர் அறுவை மருத்துவர். ஒட்டிய எலும்பைச் சுற்றி இறுகிப்போன மூட்டையும் மெலிந்துபோன தசையையும் மீண்டும் வேலைக்குக் கொண்டுவருவது பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுவதற்கும் படி இறங்குவதற்கும் முழங்கால் ஏறத்தாழ 90 பாகையேனும் மடங்க வேண்டும். மாற்று மூட்டுப் பொருத்திய பின் முதற் சில வாரங்களில் அந்த மடக்கம் வராவிட்டால், உள்ளே தழும்புத் திசு இறுகிவிடுகிறது. பிறகு மயக்க மருந்து கொடுத்துக் காலை வளைத்துவிட வேண்டிய நிலைகூட வருவதுண்டு. பக்கவாதத்திலும் இவ்வாறே. முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. விரைவாக நிகழக்கூடிய காலத்தைப் பணமின்மையால் வீணாக்குவதுதான் மிகப் பெரிய இழப்பு.

இவ்விடத்தில் வேலூரில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராக இருந்த அவர், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். இன்று அவர் பெயரால் வழங்கும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வேலூரில் உருவாயிற்று. கத்தி தன் வேலையை முடித்த பிறகு நோயாளியின் வேலை தொடங்குகிறது என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் அவர்.

இனிக் காப்பீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் தனி மனிதர் வாங்கக்கூடிய மருத்துவக் காப்பீடு, "மெடிகிளெய்ம்" என்ற பெயரால் 1986-இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களால் அறிமுகமாயிற்று. மருத்துவமனையில் சேர்ந்து படுக்கும் நோயாளிக்கு ஆகும் பெருஞ்செலவைத் தாங்குவதே அதன் நோக்கம். ஆகவே, படுக்கையில் 24 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும் என்னும் அளவுகோல் அன்றே ஏற்பட்டது. கண்புரை அறுவை, டயாலிசிஸ் போல ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்குப் பிற்பாடு விலக்களித்தார்கள் எனினும், அடிப்படை மாறவில்லை. நம் பாலிசிகளில் பெரும்பாலானவை இன்றும் கட்டிலைச் சுற்றியே எழுதப்பட்டவை. இயன்முறை மருத்துவமோ கட்டிலை விட்டு எழுந்த பின்னர் நடப்பது. சிக்கல் முழுவதும் இந்த ஒரே முரண்பாட்டிலிருந்து பிறக்கிறது. நிறுவனத்தாரின் கஞ்சத்தனம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. தாளில் எழுதியிருப்பதே அப்படித்தான்.

மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும்போது கொடுக்கப்படும் பயிற்சி, மருத்துவமனைப் பில்லின் ஒரு பகுதியாதலால் ஏனைய செலவுகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அதில் பெரும்பாலும் தொல்லையில்லை. வெளிவந்த பின் என்ன என்பதற்கு, "மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு" என்றொரு பிரிவு பாலிசியில் உண்டு. நம் வாசகர் பலர் இதனை அறியாதிருப்பது நமக்கு வியப்பளிக்கிறது. எல்லா நிறுவனங்களும் ஒரே அமைப்பில் விற்க வேண்டுமென்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டு, 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த "ஆரோக்கிய சஞ்சீவனி" பாலிசியை எடுத்துக்கொள்வோம். அதில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், வெளிவந்த பிந்தைய 60 நாள் செலவும் அடங்கும். வேறு சில பாலிசிகளில் இது 90 நாளாகவும் அதற்கு மேலாகவும் உண்டு. எந்த நோய்க்காகச் சேர்ந்தோமோ அதே நோயின் தொடர்ச்சியாக, மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்த பயிற்சியானால், இந்த நாட்களுக்குள் ஆகும் கட்டணத்தைக் கேட்டுப் பெறலாம்.

"எங்களுக்கு ரொக்கமில்லாச் சிகிச்சை, எல்லாம் மருத்துவமனையிலேயே முடிந்துவிட்டது" என்று சொல்வோர் உளர். முடியவில்லை. பின்னர் ஆகும் செலவை நாமே முதலில் கொடுத்து, ரசீதுகளை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். நாம் கேட்காவிட்டால் தாமாக முன்வந்து கொடுப்பார் எவருமிலர்.

இந்த 60 நாள் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நாட்கள் எண்ணப்படுவது மருத்துவமனையை விட்டு வந்த தேதியிலிருந்து. பயிற்சி தொடங்கிய தேதியிலிருந்து அன்று. கணுக்கால் எலும்பு முறிந்து, தகடு வைத்து அறுவை செய்து ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரங்கள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று கட்டுப்போட்டு அனுப்புகிறார்கள். 42 நாள் கழிந்து கட்டுப் பிரித்த பின்னரே முறையான பயிற்சி தொடங்குகிறது. மிஞ்சியிருப்பவை 18 நாட்களே. கணுக்காலோ மூன்று மாதம் பயிற்சி கேட்கும். ஆதலின், காப்பீட்டுக் கணக்கை மட்டும் பார்த்துக் கட்டை முன்னதாகப் பிரிக்கச் சொல்லலாகாது. ஆனால் கட்டு இருக்கும்போதே விரல்களுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் எந்தெந்தப் பயிற்சி செய்யலாமென்று மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். அது உடலுக்கும் நல்லது. எஞ்சிய 18 நாட்களுக்கும் பயன் கூடும். கையில் மணிக்கட்டு முறிந்து, வெளிநோயாளியாகவே சென்று மாவுக்கட்டுப் போட்டு வந்தவர் நிலை இதனினும் கடினம். அவர் படுக்கையில் சேரவே இல்லையாதலால், பிந்தைய நாட்கள் என்ற பேச்சே எழுவதில்லை. தோள்பட்டை இறுகிப்போன சர்க்கரை நோயாளிக்கும், கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் பயிற்சி பெறுவோருக்கும் இதே நிலைதான்.

பக்கவாதம் வந்த ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். கணக்குக்காக, வீட்டுக்கு வந்து பயிற்சி தருபவர் முறைக்கு 500 ரூபாய் வாங்குகிறார் என்றும், வாரத்தில் ஆறு நாள் வருகிறார் என்றும் கொள்வோம். வீடு திரும்பிய 60 நாட்களில் ஏறத்தாழ 51 முறை, 25,500 ரூபாய். ஆரோக்கிய சஞ்சீவனியில் ஒவ்வொரு தொகையிலும் 5 விழுக்காடு நாம் ஏற்க வேண்டும். அது 1,275 போக 24,225 ரூபாய் கிடைக்கலாம். ஆறு மாதம் பயிற்சி தேவைப்பட்டால் மொத்தம் 156 முறை, 78,000 ரூபாய். எஞ்சிய 53,775 ரூபாயும் நம் கையிலிருந்தே. 5 இலட்சம் பாலிசியில் 3 இலட்சம் தொடப்படாமல் கிடந்தாலும் இதற்கு உதவாது என்பதைக் குடும்பத் தலைவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எதிர்பாராமல் வரும்போதுதான் பயிற்சி பாதியில் நிற்கிறது; எதிர்பார்த்திருந்தால் எங்கேனும் வழி செய்துகொள்கிறோம்.

ரசீது விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் தாராள மனப்பான்மை வருந்தத்தக்கது. பயிற்சி கொடுப்பவர் தெரிந்த பிள்ளையாக இருப்பார். மாதக் கடைசியில் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, காகிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று விட்டுவிடுவோம். பின்னர் நிறுவனம் கேட்கும்போது ஒன்றும் இராது. மருத்துவமனையை விட்டு வெளிவரும் நாளிலேயே, டிஸ்சார்ஜ் சம்மரியில் இயன்முறை மருத்துவம் தேவை என்பதும், எத்தனை வாரம், வாரத்தில் எத்தனை முறை என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "பயிற்சி செய்யவும்" என்ற ஒற்றை வரி போதாது. எழுதப்படாதிருந்தால் அங்கேயே எழுதித் தரக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் அம்மருத்துவரைப் பிடிப்பது எளிதன்று. பயிற்சியாளர் கொடுக்கும் ரசீதில் எண், தேதி, நோயாளியின் பெயர், என்ன சிகிச்சை, அவருடைய கல்வித் தகுதி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். வந்த நாட்களை ஒரு தாளில் குறித்து, அவர் கையொப்பமும் பெற்று வைத்தல் நன்று. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் மறுப்பதற்கு இடமிராது. ஆரோக்கிய சஞ்சீவனியில், வெளிவந்த பின்னான சிகிச்சை முடிந்ததிலிருந்து 15 நாட்களுக்குள் இக்காகிதங்களை அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. பிற பாலிசிகளில் கெடு வேறுபடும்.

தகுதி பற்றி ஒரு சொல். இயன்முறை மருத்துவம் நான்காண்டுக்குக் குறையாத பட்டப்படிப்பு. இத்தகைய துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்துவதற்காகவே 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சில வாரப் பயிற்சி பெற்றுப் பெயர்ப் பலகை மாட்டியவரிடம் போனால், ரசீது செல்லாமற் போவது சிறிய தீமை. மூட்டுக்கு நேரும் கேடு பெரிது.

பாலிசியின் விலக்குப் பட்டியலிலே, "ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, ஓய்வுப் பராமரிப்பு" என்ற பொருள்படும் தலைப்பு ஒன்று இருப்பதைக் காணலாம். 2019-இல் ஆணையம் விலக்குகளை ஒரே வாசகமாகத் திருத்தியபோது அமைந்தது அது. தலைப்பிலுள்ள "மறுவாழ்வு" என்ற சொல்லைக் கண்டதும், "பயிற்சிக்கே பணமில்லை போலும்" என்று அஞ்ச வேண்டாம். அடியிலுள்ள வாசகத்தைப் படித்தால், சிகிச்சை பெறுவதற்காக அல்லாமல் படுத்து ஓய்வெடுப்பதற்காகவே சேர்வதையும், குளிப்பாட்டுதல், உடுத்துதல், நடமாட உதவுதல் போன்ற பராமரிப்பையும் அது விலக்குகிறது என்பது தெளிவாகும். ஆகவே, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வைக்கும் உதவியாளரின் சம்பளம் கிடைக்காது. அறுவைக்குப் பின் மருத்துவர் எழுதிய பயிற்சியை இதே தலைப்பைக் காட்டி மறுத்தாலோ, வாசகத்தை எடுத்துக்காட்டி வாதிடலாம், வாதிட வேண்டும்.

பொருள்கள் செய்தி வேறு. கழுத்துப் பட்டை, இடுப்புப் பெல்ட், முழங்கால் பிடிப்புப் பட்டை, கைத்தூளி, நடை உதவிக் கருவிகள், காற்றுப் படுக்கை ஆகியன, பொதுவாகக் கொடுக்கப்படாதவை என்று ஆணையத்தின் பட்டியலிலேயே குறிக்கப்பட்டுள்ளன. இவற்றையும் தருவதாகச் சிறப்பாகச் சொல்லும் பாலிசிகள் இல்லாமலில்லை. நம்முடையது அவ்வாறானதா என்று பார்த்துக்கொள்க. இதில் நமக்கொரு யோசனை உண்டு. வாக்கரோ சக்கர நாற்காலியோ ஓரிரு மாதம் பயன்பட்டபின் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. ஒரு பங்கிலுள்ள குடும்பங்கள் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, தேவைப்படுவோருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால், புதிது வாங்கும் செலவு பல இல்லங்களுக்கு மிச்சமாகும்.

மனம் வருந்தி எழுத வேண்டிய ஒன்றும் உண்டு. "சும்மா வந்து பயிற்சி எடுத்தால் பணம் வராது, மூன்று நாள் படுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் இன்சூரன்சில் போட்டுவிடலாம்" என்று இடுப்பு வலிக்காரர்களுக்குச் சில இடங்களில் ஆலோசனை கூறப்படுகிறது. வலியால் துடிப்பவருக்கு இது தெய்வாதீனமாகத் தோன்றலாம். ஆனால், வெளிநோயாளியாகவே செய்யத்தக்க சிகிச்சைக்குப் படுக்கை தேவையில்லை என்று நிறுவனம் மறுத்தால், மூன்று நாள் அறை வாடகையும் நம் தலையில் விழும். பொய்யான விவரம் கொடுத்ததாக நிலைநாட்டப்பட்டால் பாலிசியே இரத்தாகும். நாளை உண்மையாகவே நோய் வரும்போது கையில் ஒன்றுமிராது. அன்றியும், இல்லாத நோய்க்கு வாங்கும் பணம் நிறுவனத்தின் பணமன்று. நம்மைப் போலச் சந்தா கட்டியவர்களின் பணம். அடுத்த ஆண்டுச் சந்தா ஏன் உயர்ந்தது என்று நாமே பிறகு கேட்கிறோம்.

காப்பீட்டுத் தாளே இல்லாத குடும்பங்களுக்கு வழி இல்லையா? உண்டு, சிலவற்றில் தாள் உள்ளவரைவிட அவர்களுக்கே நல்ல வழி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயன்முறை மருத்துவப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே அரசு நிலையம் ஒன்று உண்டு. தனியார் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர் அரசு மருத்துவமனையில் பயிற்சி பெறக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு செல்லலாம். கூட்டமிருக்கும், காத்திருக்க வேண்டும், போக்குவரத்துச் செலவு உண்டு என்பன உண்மையே. எனினும், பயிற்சியை முற்றிலும் நிறுத்துவதைவிட வாரத்தில் இரு நாள் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

நடமாட இயலாதவர்களுக்காக, 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்கலாகாது. அவர்கள் வரும் நாளில் செய்முறையை வீட்டார் கற்றுக்கொண்டு எஞ்சிய நாட்களில் செய்ய வேண்டும். உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் ஒரு பெயரிலும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரிலும் வந்தது. முதலில் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. 2018-இல் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இதுவும் அறுவை ஒன்றுக்கு இவ்வளவு என்று தொகுப்பாகத் தொகை வகுத்துக் கொடுப்பது, கட்டிலைச் சார்ந்ததே. ஆயுஷ்மான் பாரத்தில் வெளிவந்த பின்னான நாட்கள் 15 மட்டுமே. ஆகவே, இத்திட்டத்தில் அறுவை செய்துகொள்வோர், பயிற்சிக்கு அரசு மருத்துவமனையையே நாடுவதாக முன்கூட்டியே திட்டமிடுவது நன்று.

தொழிலாளர் குடும்பங்கள் பலர் கையிலேயே வைத்துக்கொண்டு மறந்திருப்பது இ.எஸ்.ஐ. அட்டை. மாதச் சம்பள வரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட இத்திட்டத்தில், படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற பேச்சில்லை. வெளிநோயாளி மருத்துவமும் அடங்கும். கட்டிலைச் சாராத காப்பீடு நம் நாட்டில் எங்கே இருக்கிறதென்று கேட்டால் இதைத்தான் சுட்ட வேண்டும். ஐந்தாண்டுகளேனும் இதில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரும் ஏற்பாடும் உண்டு. பஞ்சாலையிலும் தோல் பதனிடும் ஆலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் எத்தனை பேர் இதனை அறிவார்கள்? கிளை அலுவலகத்தில் விசாரித்து, அவர்களுக்காக விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது படித்த பிள்ளைகளின் கடமை.

இனி, செலவைக் குறைப்பதைப் பற்றி. பயிற்சி நிலையங்களில் மின்தூண்டல், ஒலியலை, வெப்ப விளக்கு, மெழுகு ஒற்றடம் எனப் பல கருவிகள் உண்டு. கருவி ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. நோயாளிக்கும் ஏதோ பெரிய வைத்தியம் நடப்பதாக மன நிறைவு. சில நோய்களில் சில கருவிகளுக்குப் பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், மூட்டுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், முதன்மைச் சிகிச்சையாக வைத்தது உடற்பயிற்சியையே. மின்சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாமென்றும் அது கூறுகிறது. எனவே, "இன்று எந்த மிஷின்?" என்று கேட்பதை விட்டு, "வீட்டில் நான் செய்ய வேண்டிய பயிற்சி எது? எத்தனை முறை?" என்று கேளுங்கள். முதல் இரு வாரம் நாள்தோறும், பிறகு வாரத்துக்கு மூன்று, பிறகு ஒன்று என்று வருகையைப் படிப்படியாகக் குறைத்து, இடைநாட்களில் வீட்டார் துணையோடு செய்ய முடியுமாவென்று பயிற்சியாளரிடமே வெளிப்படையாகப் பேசலாம். மேலே நாம் போட்ட 78,000 ரூபாய்க் கணக்கு, இவ்வாறு செய்தால் பாதிக்கும் கீழே வரக்கூடும். நேர்மையான பயிற்சியாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பாதியில் சொல்லாமல் நிறுத்திவிடும் குடும்பத்தைவிட, பணநிலையை முன்கூட்டியே சொல்லும் குடும்பத்துக்கே அவரால் நன்கு உதவ முடியும்.

புதிதாகக் காப்பீடு எடுப்போர் கவனிக்க வேண்டியது, வெளிவந்த பின்னான நாட்கள் 60-ஆ, 90-ஆ, 180-ஆ என்பதை. முகவர் காட்டும் வண்ணத் தாளில் பெருந்தொகைதான் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண் உள்ளே ஒளிந்திருக்கும். மூட்டு மாற்று போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பே உள்ள நோய்களுக்கு அது 36 மாதங்களுக்கு மேற்படலாகாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. விபத்துக்குக் காத்திருப்பு இல்லை. வெளிநோயாளிச் செலவுக்கென்று கூடுதற் சந்தா வாங்கும் இணைப்புகளும் விற்கப்படுகின்றன. கூடுதலாகக் கட்டுவது எவ்வளவு, ஆண்டுக்கு அதிகபட்சம் கிடைப்பது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல இணைப்புகளில் வேறுபாடு மிகச் சொற்பமாக இருக்கும். அதைவிட நமக்குச் சரியென்று படுவது வேறொன்று. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. 20,000 ரூபாய் சந்தாவுக்கு 3,600 ரூபாய் வரி கட்டிக்கொண்டிருந்தோம். அந்த 3,600-ஐ மாதம் 300 ரூபாயாக அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், ஐந்தாண்டில் வட்டி நீங்கலாகவே 18,000 ரூபாய் சேரும். பயிற்சிச் செலவுக்கு அது கைகொடுக்கும். எந்த நிறுவனத்திடமும் ரசீது காட்ட வேண்டியதில்லை.

நியாயமாகக் கேட்டும் மறுக்கப்பட்டால், அத்துடன் விட்டுவிடலாகாது. மறுத்ததற்கான காரணத்தைப் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் மறுமொழி வராவிட்டாலோ, வந்த மறுமொழி நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை; மனுவைத் தமிழிலேயே எழுதலாம். மருத்துவர் எழுதிய பரிந்துரை, டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள், வருகைத் தாள், நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து அனுப்புங்கள். மூலங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.